தோட்டத் திருவிழாவுக்கு ஓர் இரங்கல்

மலேசியத் தமிழரின் தோட்டத் திருவிழா காலமாகிவிட்டது. எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. சில தோட்டங்களில் அறுபதுகளிலேயே போய்விட்டது. சிலாங்கூரில் பெரும்பாலான இடங்களில் எண்பதுகளுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில் போனது. கெடாவிலும் பேராக்கிலும் உள்ளடங்கிய சில தோட்டங்களில் இன்றும் ஆண்டுக்கொரு முறை கரகம் எடுக்கிறார்கள்; அவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அந்த மண்ணின் அம்மனுக்கே காப்புக் கட்டிக்கொண்ட ஒரு சமூகம் இருந்ததே, அது கலைந்துவிட்டது. அந்தச் சமூகத்தின் உயிர்நாடியாக இருந்த விழாவும் அதோடு முடிந்தது. அது எப்படி வாழ்ந்தது, எதனால் போனது என்று ஒரு முறையாவது நிதானமாகச் சொல்லிவிட வேண்டும்.

கதை ரப்பரில் தொடங்குகிறது. பிரேசில் நாட்டு விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக 1877இல் சிங்கப்பூர் வந்தது. அங்கிருந்து பேராக்கின் கோலகங்சாருக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டது. மலாயாவின் மேற்குக் கரைக் காடுகளை அழித்துப் பால்மரம் நட்டார்கள். பால் வெட்ட ஆள் பிடித்து வரத் தோட்டக் கம்பெனிகள் கங்காணிகளைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பின. பழைய ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தபோது கங்காணி முறை நன்றாக வேரூன்றியிருந்தது. கங்காணி தன் ஊருக்கும் சுற்றுப்பட்டிகளுக்கும் போய் உறவையும் அண்டை அயலையும் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவார். சேலம், திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களின் கிராமங்கள் இப்படித் துண்டு துண்டாகக் கடல் கடந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் பயணத்தைத் தடுக்கும்வரை இது நின்றபாடில்லை.

ஒரே வட்டாரத்து ஆட்கள் ஒரே தோட்டத்தில் இறங்கியதால் அவர்களோடு தெய்வமும் இறங்கியது. முதலில் ஒரு மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம். பிறகு அத்தாப்புக் கூரை, பிறகு தகரம், கையில் காசு சேர்ந்த காலத்தில் செங்கல். நடுவில் மாரியம்மன், எல்லையில் முனீஸ்வரனோ மதுரை வீரனோ சங்கிலிக் கருப்பனோ. கம்பெனி நிலத்தில் கோயில் எழுப்பத் தோட்டத்து வெள்ளை நிர்வாகிகளான துரைகள் தடை சொல்லவில்லை. சாமி இருக்கும் இடத்தை விட்டு ஆள் ஓடமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. கள்ளுக்கடைக்கு இடம் கொடுத்ததும் ஏறக்குறைய அதே கணக்கில்தான். ஆனால் பெரும்பாலான கோயில்களுக்கு ஒரு துண்டுப் பத்திரம்கூட யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்தக் கோயிலுக்கு ஆகமம் இல்லை, குருக்கள் இல்லை. பூசாரி ஒரு பால்வெட்டுக்காரர். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்று பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, முந்நூறு நானூறு மரங்களைச் சீவி, வெயில் ஏறியதும் மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்புவார். மாலையில் குளித்து, விபூதி பூசி, விளக்கேற்றும்போது அவர் வேறு ஆள். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவருடைய தகப்பன் பாடிய மாரியம்மன் தாலாட்டும் சில வர்ணிப்புகளும். எழுத்தறியாத பூசாரிகள் பலர் அவற்றை மணிக்கணக்கில் மனப்பாடமாகப் பாடினார்கள். சம்பளம் கிடையாது, தட்டில் விழுந்த சில்லறையும் ஊரார் கொடுத்த மரியாதையும்தான். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தோட்டத்து மருந்தகத்து டிரெசர் கொடுத்த மாத்திரையோடு பூசாரி கொடுத்த விபூதியும் வேப்பிலையும் போயின. இரண்டில் எதையும் ஒருவர் விட்டுவைத்ததில்லை.

இனி திருவிழாவைச் சொல்கிறேன். அதைப் பார்க்காதவர்களுக்கு அது வெறும் கரகமும் தீமிதியுமாகத் தெரியலாம். அதன் உண்மையான வேலைப்பாடு அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும்.

முதலில் நாள் குறிப்பார்கள். அக்கம்பக்கத் தோட்டத்துத் திருவிழாவோடு மோதாமல் பார்ப்பார்கள். பெண் கொடுத்த, பெண் எடுத்த தோட்டத்து ஜனம் வர வேண்டுமே. பங்குனியிலோ சித்திரையிலோ வைத்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அது பால்மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் காலம். பால் குறைவு, விடுப்புக் கேட்டால் துரை முகம் சுளிக்கமாட்டார். ஆடியில் வைத்த தோட்டங்களும் உண்டு. நாள் முடிவானதும் வரி. வேலை செய்கிற தலைக்கு இவ்வளவு என்று பேசிச் சம்பள நாளில் பிடித்துக்கொள்வார்கள். பல தோட்டங்களில் எழுத்தரான கிராணியே செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் குறித்துக் கழித்துக் கொடுத்துவிடுவார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊரில் வரி குடும்பத் தலைவன் பேரில்தான் விழும். தோட்டத்தில் பெண்ணும் சம்பளக்காரி. அவள் பேரும் செக்ரோலில் இருந்தது. அதனால் அவள் பேரிலும் கோயில் வரி விழுந்தது. கணவனை இழந்த ஒரு பால்வெட்டுக்காரி தன் சம்பளத்திலிருந்து வரி கட்டித் தன் கையால் தட்டு ஏந்திப் போனாள். புறப்பட்டு வந்த கிராமத்தில் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்தின் நடையே மாறிவிடும். கவிச்சி இல்லை. காப்புக் கட்டியவர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. லய வாசல்களில் வேப்பிலை. இதற்குள் வேலைகள் பிரிந்துவிட்டிருக்கும். இளவட்டங்கள் மூங்கில் வெட்டப் போவார்கள். பந்தல் அவர்கள் பொறுப்பு. டிராக்டர் ஓட்டுபவர் தண்ணீர் கொண்டுவருவார். லாரி டிரைவர் முந்தின நாள்வரை ரப்பர் ஏற்றிய லாரியைக் கழுவித் துடைத்துத் தேராக்குவார். தச்சர் மேடை கட்டுவார். மின்சாரம் ஓட்டுகிற ஆள் இன்ஜின் அறையிலிருந்து ஒயர் இழுத்து வண்ண பல்புகள் தொங்கவிடுவார். சலவை செய்பவர் சாமி வரும் வழியில் மாத்து விரிப்பார். முடி திருத்துபவருக்கு மொட்டையடிக்கும் வேலை. கிழவிகள் மாவிளக்குக்கு இடிப்பார்கள், கூழுக்குக் கரைப்பார்கள். தமிழ்ப் பள்ளி வாத்தியார் அழைப்பிதழ் எழுதுவார். மேடையில் பிள்ளைகளை ஆடவும் பேசவும் வைப்பார். பூக்குழியில் எரிந்த கட்டை மறுநடவுக்காகச் சாய்த்த பழைய பால்மரம். அதன் பாலை வெட்டியவர்களே அதன் தணலிலும் நடந்தார்கள்.

நான் வளர்ந்த தோட்டத்தில் திருவிழாவைப் பார்க்க வந்தவர் என்று சொல்லத் தக்கவர்கள் பக்கத்துத் தோட்டத்து உறவினர்களும் துரை வீட்டாரும்தான். மற்ற எல்லோருக்கும் கையில் ஒரு வேலை இருந்தது. கண் தெரியாத ஒரு தாத்தாவுக்குத் தீமிதிக்கு வருகிறவர்களின் நெற்றியில் விபூதி இடும் வேலை கொடுத்திருந்தார்கள். எனக்கு எட்டு வயதில் கிடைத்த வேலை, பந்தக்காலில் கட்டிய வாழைக்குலையை ஆடு தின்றுவிடாமல் காவல் இருப்பது. அந்தக் காவலில் நான் கற்றுக்கொண்ட பக்தியைப் பின்னாளில் எந்தச் சமய வகுப்பும் எனக்குத் தரவில்லை. சாத்திரம் படித்தவர் எவரும் இல்லாமல், மடமோ பீடமோ இல்லாமல், கூலி ஜனம் கடல் கடந்து நூறு ஆண்டுக்கு மேல் தன் சமயத்தைக் காத்துக்கொண்டது எப்படி என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: அவர்களில் ஒவ்வொருவருக்கும் அம்மனிடத்தில் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைச் செய்யாவிட்டால் திருவிழா நடக்காது என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு நாடகம் நடக்கும். அரிச்சந்திரன் அல்லது வள்ளி திருமணம். பிற்காலத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போட்டார்கள். மறுநாள் மஞ்சள் நீராட்டு, காப்பு அவிழ்ப்பு. அதற்கடுத்த விடியலில் மஞ்சள் கறை போகாத சட்டையோடு ஆட்கள் பெரட்டில் நிற்பார்கள்.

மறைந்ததைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது மறைந்ததற்கு மரியாதை ஆகாது. ஊரின் சாதி கப்பலில் கூடவே வந்தது. முற்காலத்துத் தோட்டங்கள் பலவற்றில் லயம் சாதிவாரியாகப் பிரிந்திருந்தது, கோயிலும் அப்படியே. சாதி ஏணியின் அடியில் வைக்கப்பட்டவர்கள் அம்மன் கோயிலுக்கு வெளியே நின்றார்கள். தங்களுக்கென்று எல்லையில் ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். பறை அவர்களுடையது, முதல் மரியாதை மற்றவர்களுடையது. பெரிய கங்காணியின் கை ஓங்கியிருந்தவரை தட்டில் முதல் தேங்காய் அவருக்கே. திருவிழா மேடையில் வெள்ளைத் துரைக்கும் துரைசானிக்கும் மாலை போட்டு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியை எண்ணும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கள்ளுக்கடையால் அடிதடி நடக்காத திருவிழா அபூர்வம். 1929இன் கடைசியில் பெரியார் மலாயா வந்தபின் சுயமரியாதைக்காரர்கள் இதையெல்லாம் தோட்டந்தோட்டமாகப் போய்க் கண்டித்தார்கள். தீமிதியையும் காவடியையும் ஆடு வெட்டுவதையும் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதியைத் தோட்டத்து ஜனம் ஏற்றது. போருக்குப் பின் தொழிற்சங்கம் வலுத்த காலத்தில் கோயில் வாசலில் நின்றவர்கள் பலர் உள்ளே வந்தார்கள், கமிட்டியிலும் அமர்ந்தார்கள். திருவிழா சாகவில்லை. தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு வாழ்ந்தது.

ஜப்பானியர் காலத்தையும் அது தாங்கியது. 1942–43இல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆயிரமாயிரமாகத் தோட்டத்து ஆண்களைக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. திரும்பாதவர்களுக்குப் பிணமும் இல்லை, கருமாதிக்கு நாளும் தெரியாது. அந்த வீடுகளிலிருந்தும் போருக்குப் பின் தீச்சட்டி எடுத்தார்கள்.

பிறகு அதைக் கொன்றது எது? 1957இல் விடுதலை வந்ததை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்று அந்தத் தலைமுறை அதைச் சொல்லும். ஆயிரம் ஏக்கர் நூறு பேர் கைக்குப் போனால் அங்கே லயம் எதற்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எதற்கு, கோயில் எதற்கு? இதைத் தடுக்கத்தான் மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரே மாதாமாதம் பங்குக் காசு கட்டித் தோட்டம் வாங்கினார்கள். அது காத்தது கொஞ்சம், போனது நிறைய. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. தாள் இல்லாதவர்கள், பலர் இங்கேயே பிறந்தவர்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு பெற்றோர் மட்டுமே பார்த்திருந்த ஊருக்குப் போனார்கள். அவர்களோடு பூசாரிகளும் போனார்கள்.

பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தது அடுத்த அடி. பால்மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும். செம்பனைக்குக் குலை வெட்ட அவ்வப்போது ஆள் போதும். அந்த ஆளும் பின்னர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார். பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். அதை நான் இழப்பாகச் சொல்லவில்லை. எந்தத் தாயும் தன் மகள் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து கொசுக்கடியில் மரம் வெட்ட வேண்டும் என்று நேர்ந்துகொண்டதில்லை. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பங்குகளை மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம் வாங்கிக் குவித்தது. தோட்டம் நாட்டுக்குத் திரும்பியது. லயத்தில் இருந்தவர்களுக்கு அதனால் ஒரு சாண் நிலம் வரவில்லை.

கடைசி அடி நகரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் விளைந்த நிலத்தைவிட வீடு விளையும் நிலத்துக்கு விலை அதிகம். சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவானது. தொண்ணூறுகளில் பிராங் பெசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கத் தோட்டங்களும் புத்ராஜெயாவாயின. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் அருகே அடுக்குமாடிக்குப் போயின. இப்படி எத்தனையோ தோட்டங்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நெடுங்காலம் அனுபவித்ததை வைத்து மட்டும் யாருக்கும் உரிமை தருவதில்லை. நூறு ஆண்டுக் கோயில் ஒரே கடிதத்தில் அத்துமீறிய கட்டடமாகிவிட்டது. துரை வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் அது என்று சொல்ல ஆள் இருந்தார்கள். காட்டத் தாள் இல்லை. தமிழ்ப் பள்ளிகளுக்காவது பதிவேடு உண்டு: விடுதலையின்போது 800க்கு மேல், இன்று 500 சொச்சம் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. தோட்டத்துக் கோயில்களுக்கு அப்படியொரு கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

மாற்று இடம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல கோயில்களுக்குக் கொடுத்தார்கள். கழிவுநீர்க் குளத்தின் ஓரம், உயர் அழுத்த மின்கம்பியின் கீழ், பெருங்கால்வாய்க் கரை. அம்மனை அங்கே கொண்டுபோய்ப் பிரதிஷ்டை செய்தார்கள். தமிழகத்துச் சிற்பிகள் வந்து கோபுரம் எழுப்பினார்கள். பழைய கோயிலைவிடப் பன்மடங்கு அழகு. பூசைக்குத் தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை அனுமதியில் வந்த குருக்கள். பூசாரியின் மகன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஊர்வலத்துக்குப் போலீஸ் பெர்மிட். அடுக்குமாடியில் சாமி எந்த மாடியின் வாசலில் நிற்கும்? தீக்குழிக்கு இடமில்லை. உறுமி மேளத்துக்குக் குழுவை அமர்த்துகிறார்கள், சமையலுக்குக் கேட்டரிங், பந்தலுக்கு கான்ட்ராக்டர். உபயம் இவ்வளவு என்று ரசீது கொடுக்கிறார்கள். கட்டியவர் வரிசையில் நின்று தரிசனம் செய்து, சாப்பிட்டு, காரை எடுத்துக்கொண்டு போகிறார். அவரிடம் யாரும் வாழைக்குலையைக் காவல் காக்கச் சொல்வதில்லை.

இடம் மாற மறுத்த கோயில்களின் கதை நாடறிந்தது. 2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லாதபோது, ஷா ஆலம் அருகே பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருக்களில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் பேரணிக்கு ஆயிரக்கணக்கில் கூடியவர்களின் நெஞ்சில் அந்த இடிபாடு இருந்தது. 2018 நவம்பர் இறுதியில் சீபீல்ட் மாரியம்மன் கோயிலின் இடமாற்றத் தகராறு கலவரமாக வெடித்தது. கடமைக்கு வந்த ஓர் இளம் தீயணைப்பு வீரர் காயமுற்று அடுத்த மாதம் இறந்தார். எந்த அம்மனும் கேட்காத பலி அது. இந்தச் செய்திகளைப் படித்த பிற இனத்து நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: புதிய இடத்தில் இதைவிடப் பெரிதாகக் கட்டித் தருகிறோம் என்கிறார்களே, ஏன் இத்தனை பிடிவாதம்? கட்டடத்துக்கான பிடிவாதமாக அதை அவர்கள் பார்க்கிறார்கள். லயம் போனது, பள்ளி போனது, சுடுகாடும் போனது; நாம் இங்கே ஒரு காலத்தில் ஊராக இருந்தோம் என்பதற்குக் கடைசியாக நின்ற சாட்சி அந்தக் கோயில்தான்.

சமயம் அழியவில்லை, செழித்திருக்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். பத்துமலையைக் காட்டுவார்கள். 2006இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, 272 படி, தைப்பூசத்துக்கு லட்சோப லட்சம் பேர். உண்மைதான். எனக்கோ அந்தக் கூட்டத்துக்குள் கலைந்த தோட்டங்கள் எல்லாம் தெரிகின்றன. தன் அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்க வேண்டிய பேத்தி இங்கே எடுக்கிறாள். அவளுடைய பாட்டி எடுத்தபோது வழிநெடுக நின்றவர்களுக்கு எந்த நோய்க்கு நேர்ந்தது, எந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது என்று தெரியும். அழுதவர்கள் பெயர் சொல்லி அழுதார்கள். இங்கே அவளைப் படம் எடுக்கிறார்கள். பத்துமலையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. போக்கிடம் இல்லாத வேண்டுதல்களுக்கு அது போக்கிடம் கொடுத்தது. ஆனால் தோட்டத் திருவிழாவின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

சில இடங்களில் பழைய தோட்டத்து ஜனம் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். செம்பனைக் காட்டுக்குள் தனியே நிற்கும் கோயிலுக்கு ஜொகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கார்களில் வருகிறார்கள். லயம் இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். இதைத் திருவிழா என்றே அழைக்கிறார்கள், அழைக்கட்டும். என் கண்ணுக்கு அது ஒரு திவசம். திவசத்தையும் தவறாமல் செய்ய வேண்டும்.

மறைந்த திருவிழாவுக்கு வாரிசுகள் உண்டு. உறுமி மேளத்தைத் தோளில் மாட்டிய இளைஞர் கூட்டம் முதல் வாரிசு. அடுக்குமாடிப் பிள்ளைகள், தோட்டம் கண்டறியாதவர்கள், ஆனால் அடி தப்பாமல் அடிக்கிறார்கள். ஆடிக் கூழ் இன்னும் இருக்கிறது. தாலாட்டும் வர்ணிப்பும் எண்பது வயதைத் தாண்டிய சில பூசாரிகளின் தொண்டையில் மட்டும் இருக்கின்றன; செல்பேசி இல்லாத வீடு இல்லாத இந்தக் காலத்தில் அவற்றைப் பதிவு செய்யாமல் விடுவது மன்னிக்க முடியாத சோம்பல். இன்னொன்றும் இருக்கிறது: வரிப் புத்தகம். தோட்டக் கம்பெனிகள் தங்கள் கணக்கில் எடை எழுதின, ஆள் எண்ணிக்கை எழுதின. நம் ஆட்கள் வரிப் புத்தகத்தில் நம் பெயர்களை எழுதினார்கள்: ஆண் பெயர், பெண் பெயர், எத்தனையாம் நம்பர் லயம், கட்டியது எவ்வளவு, கட்ட முடியாதவர் பெயருக்கு எதிரே அவர் செய்து கொடுத்த வேலை. நூலட்டை கிழிந்த அந்தக் கணக்கு நோட்டுகள் எங்கோ பழைய கமிட்டிச் செயலாளர்களின் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அதில் உள்ள பெயர்களை வீட்டுப் பெரியவரிடம் வாசித்துக் காட்டி, யார் யாருக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்டு ஓரத்தில் எழுதுங்கள்.